'பால் இஸ் இன் யுவர் கோர்ட்'னு சொன்னா பந்தைத் தேடாதீங்க! - ஓசூர் ஃபேக்டரி இங்கிலீஷுக்கு ஒரு கோனார் நோட்ஸ்

ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனி. டிப்ளமோ முடிச்சுட்டு அங்கே டிரெய்னியா சேர்ந்திருக்கீங்க. இன்னிக்கு மூணாவது நாள்னு வெச்சுக்கோங்க. காலை ஷிப்ட் மீட்டிங். புரொடக்‌ஷன் மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வர்றார். "சின்ஸ் மார்னிங், ஒன்லி ஃபயர் ஃபைட்டிங்"னு சலிச்சுக்கிறார். உங்க கண்ணு தானா சுவத்துல மாட்டியிருக்கிற சிவப்பு சிலிண்டர் பக்கம் போகுது. புகை வாசனை இல்லை. அலாரமும் அடிக்கலை. சுத்தி நிக்கிறவங்க எல்லாரும் தலையாட்டுறாங்க. நீங்களும் ஆட்டிடுறீங்க.

அந்தத் தலையாட்டலைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

'ஃபயர் ஃபைட்டிங்'னு அவர் சொன்னது தீயணைப்பை இல்லை. திட்டம் போட்டு வேலை செய்ய நேரமே கிடைக்காம, வர்ற பிரச்னையை அப்பப்போ சமாளிச்சுக்கிட்டே ஓடுறதுக்கு அப்படி ஒரு பேர். இங்கிலீஷ்ல இந்த மாதிரி தொடர்களை 'இடியம்'னு சொல்றாங்க. ஸ்கூல் தமிழ் புக்ல 'மரபுத்தொடர்'னு படிச்சோமே, அதேதான். சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்தா ஒண்ணு வரும், பேசுறவர் சொல்ல வந்தது வேற ஒண்ணா இருக்கும்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதே"ன்னு தாழ்வு மனப்பான்மை வேண்டாம். யாராவது "வயித்துல புளியைக் கரைக்குது"ன்னு சொன்னா, புளி கிலோ என்ன விலைன்னா கேட்கிறோம்? "காதுல பூ சுத்துறான்"னா பூக்கடையையா தேடுறோம்? சின்ன வயசுல இருந்து கேட்டுக் கேட்டுப் பழகினதால தமிழ்ல இதெல்லாம் தானா புரியுது. இங்கிலீஷ் இடியம் நம்ம காதுல விழ ஆரம்பிக்கிறதே வேலைக்குப் போன பிறகுதான்.

மழை கைகொடுத்ததா, கைவிட்டதா?

ஓசூருக்கும் பெங்களூருக்கும் நடுவுல சுமார் 40 கிலோமீட்டர்தான். 1970கள்ல சிப்காட் வந்தது. 1980ல டிவிஎஸ் 50 மொபெட் இங்கேதான் பிறந்தது. அப்புறம் அசோக் லேலண்ட் லாரி, டைட்டன் வாட்ச்னு வரிசையா வந்தது. இன்னிக்கு ஏத்தர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலான்னு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள், ஐபோனுக்குப் பாகங்கள் செய்யுற டாடா எலெக்ட்ரானிக்ஸ்னு கிருஷ்ணகிரி மாவட்டமே ஒரு பெரிய தொழிற்சாலை மாதிரி ஆகிட்டு வருது.

இந்த ஊர்ல தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் தெருவுலயே கேட்கும். ஃபேக்டரி வாசலுக்குள்ள நுழைஞ்சா வடமாநிலத் தொழிலாளர்களோட இந்தியும் சேர்ந்துக்கும். அதனால மெயில், மீட்டிங், ஆடிட், கஸ்டமர் கால்னு வந்துட்டா எல்லாருக்கும் பொதுவான பாலமா இங்கிலீஷ் ஆகிடுது.

மரபுத்தொடர்னு வந்துட்டா பக்கத்து மொழிகூட எப்படி ஏமாத்தும் தெரியுமா? நம்ம ஊர்ல "இந்த வருஷம் மழை கைகொடுத்தது"ன்னு சொன்னா நல்ல மழைன்னு அர்த்தம். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினா கன்னடத்துல "மளெ கைகொட்டிது"ம்பாங்க. அதே மழை, அதே கை, அதே கொடுத்தல். ஆனா அதுக்கு அர்த்தம், மழை ஏமாத்திடுச்சு! கன்னடத்துல 'கை கொடுக்கிறது'ன்னா கழுத்தறுக்கிறது, காலை வாருறது. லைன்ல பக்கத்துல நிக்கிற கன்னட நண்பர் "அவன் எனக்கு கை கொட்ட"ன்னு சொன்னா, "ரொம்ப நல்ல மனுஷன்போல"ன்னு பாராட்டிடாதீங்க.

அதே மாதிரி பீகார்ல இருந்து வந்த நண்பர் "தால் மே குச் காலா ஹை"ன்னு சொன்னா, கேன்டீன் பருப்புல எதுவும் விழலை. 'இதுல ஏதோ தில்லாலங்கடி இருக்கு'ங்கிறார். அக்கம்பக்கத்து மொழிகள்லயே இப்படின்னா, பல ஆயிரம் மைல் தள்ளியிருந்து வந்த இங்கிலீஷ் தொடர் நமக்குப் புரியலைன்னா அதுல வெட்கப்பட என்ன இருக்கு?

கைசென் தெரியும்... கர்வ்பால் தெரியாது!

இந்த பெல்ட்ல எந்த ஃபேக்டரிக்குள்ள போனாலும் 'கைசென்', 'கெம்பா', 'போகா யோகே'ன்னு ஜப்பான் சொற்கள் காதுல விழும். ஓசூர்ல இயங்குற டிவிஎஸ் மோட்டார், தரத்துக்காக ஜப்பானோட டெமிங் பரிசை 2002ல வாங்கின கம்பெனி. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்ச ஆபரேட்டர் அக்காகூட 'கைசென்'னா 'கொஞ்சம் கொஞ்சமா மேம்படுத்துறது'ன்னு பளிச்னு சொல்லிடுவாங்க. காரணம், டிரெய்னிங்ல உட்காரவெச்சு யாரோ சொல்லிக்கொடுத்தாங்க, சுவத்துல சார்ட் ஒட்டினாங்க.

இங்கிலீஷ் இடியமுக்கு அப்படி ஒரு வகுப்பு கிடையாது, சார்ட்டும் கிடையாது. 'இதுகூடத் தெரியாதா?'ங்கிற பார்வை மட்டும் உண்டு. அதனாலதான் ஜப்பான் சொல்லுக்குக் கூச்சப்படாத நாம, இங்கிலீஷ் தொடருக்குத் தலையாட்டிட்டு நகர்ந்துடுறோம். விட்டுப்போன அந்த வகுப்பை இப்போ நடத்திடலாமா?

முதல் பீரியடு: பந்து விளையாட்டு

கிரிக்கெட்ல பிறந்த இங்கிலீஷ் தொடர்கள் நமக்குப் பெரும்பாலும் புரிஞ்சிடும். 'ஹாட்ரிக்'குக்கு யாருக்காவது விளக்கம் தேவையா? 1858ல இங்கிலாந்தோட ஷெஃபீல்டுல தொடர்ந்து மூணு பந்துல மூணு விக்கெட் எடுத்த ஒரு பவுலருக்குத் தொப்பி பரிசா கொடுத்ததுல இருந்து வந்த சொல் அது. சிக்கல் எங்கேன்னா, ஆபீஸ்ல சுத்துற பல தொடர்கள் அமெரிக்காவோட பேஸ்பால்ல இருந்து வந்தவை. நாம அந்த விளையாட்டைப் பார்த்ததுகூட இல்லை.

பால்பார்க் ஃபிகர்: பால்பார்க்னா பேஸ்பால் மைதானம். 'கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்'னா, 'குத்துமதிப்பா ஒரு கணக்கு சொல்லு'ன்னு அர்த்தம். பந்து மைதானத்துக்குள்ள எங்கேயாவது விழுந்தா போதும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. இது தெரியாம நீங்க ரெண்டு நாள் உட்கார்ந்து பைசா சுத்தமா கணக்குப் போட்டு அனுப்பினா, ரெண்டே நிமிஷத்துல பதிலை எதிர்பார்த்தவர் கடுப்பாகியிருப்பார்.

டச் பேஸ்: 'லெட்ஸ் டச் பேஸ் டுமாரோ'ன்னா 'நாளைக்கு ஒரு வார்த்தை பேசிக்கலாம்'. பெரிய மீட்டிங் இல்லை, அஞ்சு நிமிஷப் பேச்சு.

கர்வ்பால்: எதிர்பாராத நேரத்துல வர்ற கேள்வி அல்லது பிரச்னை. நம்ம பாஷைல 'கூக்ளி'.

பால் இஸ் இன் யுவர் கோர்ட்: இது டென்னிஸ். பந்து உங்க பக்கம் வந்துடுச்சு, இனி அடிக்க வேண்டியது நீங்க. கஸ்டமர் மெயில்ல இந்த வரி வந்தா, அடுத்த வேலை உங்களோடதுன்னு அர்த்தம். இதைச் சரியாப் புரிஞ்சுக்கலைன்னா என்ன ஆகும்? அவங்க ஏதோ அனுப்புவாங்கன்னு நீங்க காத்திருப்பீங்க, நீங்க டிராயிங் அனுப்புவீங்கன்னு அவங்க காத்திருப்பாங்க. மூணாவது நாள் ரெண்டு பக்கமும் கத்த ஆரம்பிப்பாங்க. அதுல அதிகமா திட்டு வாங்குறது டிரெய்னிதான்.

ரெண்டாவது பீரியடு: ஷாப் ஃப்ளோர்

ஃபேக்டரிக்குள்ள இன்னொரு வில்லங்கம் இருக்கு. இடியம்ல வர்ற பொருள் நிஜமாவே கண்ணு முன்னால இருக்கும்!

ஐவாஷ்: ஆசிட், கெமிக்கல் புழங்குற இடத்துல 'ஐவாஷ்'னு ஒரு குழாய் இருக்கும். கண்ணுல தெறிச்சா உடனே கழுவ. மீட்டிங்ல "தட் இன்ஸ்பெக்‌ஷன் வாஸ் ஜஸ்ட் ஐவாஷ்"னு சொன்னா அது நம்ம 'கண்துடைப்பு'. அதாவது, ஒப்புக்குச் செஞ்ச வேலை.

பாட்டில்நெக்: லைன்ல பத்து ஸ்டேஷன் இருக்கு, அதுல ஒண்ணு மட்டும் மெதுவா ஓடுது. மொத்த லைனும் அதோட வேகத்துலதான் நகரும். அந்த ஒரு இடம்தான் பாட்டில்நெக், பாட்டிலோட குறுகின கழுத்து மாதிரி. ஷிப்ட் விடுற நேரத்துல அத்திப்பள்ளி டோல்கேட்டைப் பார்த்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

லோ ஹேங்கிங் ஃப்ரூட்: மாங்கனிக் கண்காட்சி நடத்துற மாவட்டத்துக்கு இதைச் சொல்லிக்கொடுக்கணுமா என்ன? ஏணி போடாமலே கைக்கு எட்டுற மாங்காய். 'முதல்ல அதைப் பறிப்போம்'னா, 'சுலபமா முடியுற வேலையை முதல்ல முடிப்போம்'.

த்ரோ எ ஸ்பேனர் இன் த வொர்க்ஸ்: நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மெஷினுக்குள்ள ஸ்பேனரைப் போட்டா என்ன ஆகும்? நல்லா போயிட்டிருக்கிற வேலையைக் கெடுக்கிறதுக்குப் பேர்தான் இது. அமெரிக்காக்காரர் இதையே 'மங்கி ரென்ச்'ம்பார். கவலைப்படாதீங்க, குரங்கு எதுவும் வராது.

த லாஸ்ட் ஸ்ட்ரா: ஒட்டகத்து மேல சுமையை ஏத்திக்கிட்டே போய், கடைசியா வெச்ச ஒரே ஒரு வைக்கோல்ல அதோட முதுகு ஒடிஞ்சுபோச்சாம். பொறுமையோட எல்லைங்கிறாங்களே, அது. நம்ம வள்ளுவர் இதே விஷயத்தை 475-வது குறள்ல இன்னும் அழகா சொல்லியிருக்கார். மயிலிறகுதானேன்னு அளவுக்கு மீறி ஏத்தினா வண்டியோட அச்சே முறிஞ்சிடுமாம். லாரி செய்யுற ஊருக்குப் பொருத்தமான குறள்!

கட் கார்னர்ஸ்: இந்த லிஸ்ட்ல ரொம்ப முக்கியமானது இதுதான். அர்த்தம்: நேரத்தையோ காசையோ மிச்சம்பிடிக்க, செய்ய வேண்டியதைச் செய்யாம குறுக்கு வழில போறது. பிரஸ் மெஷின் ஒண்ணை நினைச்சுப் பாருங்க. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் அது இறங்கும். ஏன் அப்படி வெச்சிருக்காங்க? மெஷின் இறங்குற நேரத்துல ரெண்டு கையும் வெளியே இருக்கணும்னுதான். வேகத்துக்காக ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிடுறது இருக்கே, அதுதான் அசல் 'கட்டிங் கார்னர்ஸ்'.

இப்போ ஒரு சீனியர், புதுசா வந்த பையன்கிட்ட "டோன்ட் கட் கார்னர்ஸ் ஆன் தட் பிரஸ்"னு சொல்லிட்டுப் போறார்னு வைங்க. ஷீட் மெட்டல் வெட்டுற இடத்துல நிக்கிறவனுக்கு அது எப்படிக் கேட்கும்? 'ஷீட்டோட முனையை வெட்டாதே'ன்னு கேட்கும். அவனும் முனையை வெட்ட மாட்டான். தலையாட்டிட்டு, டேப் ஒட்டின மெஷின்லயே வேலையை ஆரம்பிப்பான். இங்கே பணயம் வைக்கிறது ஒரு ஆளோட விரலை.

சீனியர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மீட்டிங்ல எவ்வளவு வேணும்னாலும் இடியம் பேசுங்க. பாதுகாப்பு விஷயத்துல மட்டும் நேரடியா, கேட்கிறவருக்குத் தெரிஞ்ச மொழில சொல்லுங்க: "ரெண்டு பட்டனையும் கையாலதான் அமுக்கணும். டேப் ஒட்டக் கூடாது."

மூணாவது பீரியடு: ஆபீஸ் அரசியல்

கீப் மீ இன் த லூப்: 'என் காதுலயும் போட்டு வைங்க.' மெயில் அனுப்பும்போது அவரையும் சிசி-ல சேர்த்துடணும். இதை மறந்தா மனஸ்தாபம் நிச்சயம்.

ஆன் த சேம் பேஜ்: ஃபைல்ல பக்க நம்பர் தேடாதீங்க. 'ரெண்டு பேருக்கும் ஒரே புரிதல்தானே?'ன்னு கேட்கிறார்.

பாஸ் த பக்: தன் பொறுப்பை அடுத்தவன் தலையில கட்டுறது. போக்கர் சீட்டாட்டத்துல அடுத்து சீட்டு போட வேண்டியவர் யார்னு காட்ட ஒரு பொருளை நகர்த்துவாங்க, அதுதான் 'பக்'. அமெரிக்க அதிபரா இருந்த ஹாரி ட்ரூமன் தன் மேஜை மேல 'த பக் ஸ்டாப்ஸ் ஹியர்'னு ஒரு பலகை வெச்சிருந்தார். 'பொறுப்பு என்னோட நிக்குது, நான் யார் மேலயும் தள்ள மாட்டேன்'னு அர்த்தம். இப்படி ஒரு மேனேஜர் உங்களுக்குக் கிடைச்சா விட்டுடாதீங்க.

த்ரோ அண்டர் த பஸ்: தான் தப்பிக்கிறதுக்காகக் கூட இருக்கிறவரை மாட்டிவிடுறது. நம்ம 'பலிகடா'.

டெட்லைன்: எங்களை மாதிரி பத்திரிகைக்காரங்களைத் தினமும் துரத்துற சொல். இதோட பிறப்பு கொஞ்சம் கொடூரமானது. 1860கள்ல அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தப்போ, ஆண்டர்சன்வில் சிறையில ஒரு எல்லைக்கோடு இருந்தது. கைதி அதைத் தாண்டினா காவலர்கள் சுட்டுடுவாங்க. அந்தக் கோடுதான் 'டெட்லைன்'. அடுத்த தடவை "டெட்லைன் நாளைக்கு"ன்னு யாராவது மிரட்டினா, 'பரவாயில்லை, யாரும் சுட மாட்டாங்க'ன்னு மூச்சை நல்லா இழுத்து விட்டுட்டு வேலையைப் பாருங்க.

நாம கொடுக்கிற ஷாக்!

புரியாம முழிக்கிறது எப்பவும் நாமதான்னு நினைக்காதீங்க. நம்ம இங்கிலீஷைக் கேட்டு வெளிநாட்டுக்காரங்களும் முழிப்பாங்க.

வீடியோ கால் இன்டர்வியூல "ஐ பாஸ்டு அவுட் இன் 2023"னு சொல்றோம். நமக்கு அது 'படிச்சு முடிச்சேன்'. அமெரிக்கக் காதுக்கோ 'மயக்கம் போட்டு விழுந்தேன்'! 'ஐ கிராஜுவேட்டட்' அல்லது 'ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ'ன்னு சொல்லிட்டா வம்பில்லை. 'டூ த நீட்ஃபுல்' ஒரு காலத்துல இங்கிலாந்துலயே புழங்கின தொடர்தான். அங்கே வழக்கொழிஞ்சு போச்சு, நம்ம மெயில்கள்ல இன்னும் ஜம்முனு வாழுது. 'ப்ரிபோன்' நம்ம நாட்டுல பரவலா புழங்குற சொல். மீட்டிங்கைத் தள்ளிவைக்க 'போஸ்ட்போன்' இருக்கு, முன்னாடி நகர்த்த ஒரு சொல் வேண்டாமா? ஆக்ஸ்போர்டு அகராதிலயே அதுக்கு இடம் கிடைச்சிடுச்சு. இதெல்லாம் தப்புன்னு தூக்கிப்போட வேண்டியதில்லை. யார்கிட்ட பேசுறோம்னு பார்த்துப் பயன்படுத்தினா போதும்.

இங்கிலீஷைத் தாய்மொழியா பேசுறவங்களே இந்த விஷயத்துல சறுக்கியிருக்காங்க. இரண்டாம் உலகப் போர் நேரத்துல பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் கூட்டம் ஒண்ணு. ஒரு அறிக்கையை 'டேபிள்' பண்ணணும்னாங்க பிரிட்டிஷ்காரங்க. அவங்க ஊர்ல அதுக்கு 'உடனே பேச எடுத்துக்கிறது'ன்னு அர்த்தம். அமெரிக்கால அதே சொல்லுக்கு 'பேசாம ஓரமா எடுத்து வைக்கிறது'ன்னு அர்த்தம். கூடவே கூடாதுன்னு அவங்க மறுக்க, ரொம்ப நேரம் காரசாரமா சண்டை. கடைசிலதான் ரெண்டு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறோம்னு தெரிஞ்சது. பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் தன் போர் நினைவுக் குறிப்புகள்ல இதை எழுதியிருக்கார். அவங்களுக்கே இந்தக் கதின்னா, நாம எதுக்குப் பயப்படணும்?

சரி, மீட்டிங்ல புரியலைன்னா என்ன பண்றது?

இந்த லிஸ்ட் முழுசையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். நாளைக்கே இதுல இல்லாத புதுசு ஒண்ணு வரும். எந்த இடியமுக்கும் வேலை செய்யுற மூணு வழி இருக்கு.

ஒண்ணு, அர்த்தத்தைக் கேட்கக் கூச்சமா இருந்தா வேலையைக் கேளுங்க. "சார், சோ வாட் ஷுட் ஐ டூ நவ், அண்ட் பை வென்?" நான் இப்போ என்ன செய்யணும், எப்போ முடிக்கணும்? இந்த ஒரு கேள்விக்கு எந்த மேனேஜரும் இடியம்ல பதில் சொல்ல முடியாது.

ரெண்டு, புரிஞ்சதைத் திருப்பிச் சொல்லுங்க. "அப்போ நாலு மணிக்குள்ள டிராயிங்கை நான் அனுப்பணும், கரெக்டா சார்?" விமானிகள் தினமும் இதைத்தான் செய்யுறாங்க. கன்ட்ரோல் டவர்ல இருந்து வர்ற முக்கியமான உத்தரவுகளை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துறது அவங்களுக்குக் கட்டாயம். அவங்க காது கேட்காதவங்களா என்ன? தப்பாப் புரிஞ்சுக்கிட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சவங்க.

மூணு, போன்ல ஒரு நோட்ஸ் திறந்து வைங்க. புதுசா ஒரு தொடர் காதுல விழுந்தா தமிழ் எழுத்துலயே தட்டிவிடுங்க. பக்கத்துல அகராதி அர்த்தத்தை எழுதுறதைவிட, அதுக்கு நிகரா நம்ம வீட்டுல சொல்ற தொடரை எழுதுங்க. 'பால்பார்க்' - குத்துமதிப்பு. 'லூப்' - காதுல போட்டு வைக்கிறது. 'ஐவாஷ்' - கண்துடைப்பு. அம்மா பேச்சுல இருக்கிற தொடரோட முடிச்சுப் போட்டுட்டா அப்புறம் மறக்கவே மறக்காது.

திரும்ப அந்த மூணாவது நாள் மீட்டிங்குக்கு வருவோம். மேனேஜர் "ஒன்லி ஃபயர் ஃபைட்டிங்"னு சொல்றார். எல்லாரும் தலையாட்டுறாங்க. நீங்க மட்டும் "சார், நான் எதுல ஹெல்ப் பண்ணணும்?"னு கேட்கிறீங்க. அவர் நின்னு, "மூணாவது லைன்ல மெட்டீரியல் வரலைப்பா. ஸ்டோர்ஸ்ல போய் என்னன்னு பார்த்துட்டு வா"ங்கிறார்.

மீட்டிங் முடிஞ்சு வெளியே வரும்போது, உங்க கூடச் சேர்ந்த இன்னொரு டிரெய்னி மெதுவா பக்கத்துல வருவான். "மச்சி, ஃபயர் ஃபைட்டிங்னா என்னடா? நான் சிலிண்டரைத்தான் பார்த்துட்டு நின்னேன்"னு கேட்பான். சிரிக்காம சொல்லிக்கொடுங்க.